செவ்வாய்க்கிழமைக் குடம்

எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் போய்வரும். செவ்வாய்க்கிழமை காலையில் பியூன் பொன்னன் வாசலில் வந்து நின்று கனைப்பான். நான் குடத்தைத் தூக்கி அவன் தலையில் இருக்கும் சும்மாட்டின் மேல் வைப்பேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் எனக்கு மண்பானைதான் கதி.

அது என் கல்யாணத்துக்குப் பாலக்கோட்டில் என் அப்பா வாங்கிக் கொடுத்த குடம். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டவர் என் வீட்டுக்காரர். எங்கள் ஊர் ஹைஸ்கூலில் அவர் டிராயிங் மாஸ்டர். பேர் வெங்கடாசலம். அந்தப் பேரை நான் வாயால் சொல்லமாட்டேன், எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

பையன்கள் பார்த்து வரைவதற்கென்று பள்ளிக்கூடத்தில் மரத்தில் செய்த கூம்பும் உருளையும் இருந்தன. அவற்றைக் கரையான் தின்றுவிட்டது. புதிதாக வேண்டும் என்று இவர் எழுதிக் கேட்டார். சண்டை முடிகிற வரைக்கும் கிடையாது என்று பதில் வந்தது. சண்டை எங்கேயோ பர்மாவில் நடக்கிறது, எங்கள் ஊர்க் கூம்பு அதற்கு என்ன பாவம் செய்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. மறுநாள் இவர் சமையற்கட்டுக்குள் வந்து பாத்திரம் பாத்திரமாகத் தட்டிப் பார்த்துவிட்டுக் குடத்தின் முன்னால் குந்திக்கொண்டார்.

"இதுதான் வேணும்" என்றார்.

"அண்டா இருக்குது, செம்பு இருக்குது, எடுத்துக்கிட்டுப் போங்க. என் சீர்க் கொடந்தான் கெடச்சுதா?"

"அதுலயெல்லாம் இது இல்லையே" என்று குடத்தின் வயிற்றைத் தடவிக் காட்டினார்.

அவர் தடவிக் காட்டியது ஒடுக்கு. கல்யாணத்தன்று வண்டியிலிருந்து சாமான் இறக்கும்போது என் தம்பி கைநழுவவிட்டுக் குடத்தின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு விழுந்துவிட்டது. அன்றைக்கே நான் அழுதேன். ஒடுக்கு எடுக்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு போகும்போதெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். இவர் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். ஒடுக்கு இல்லாவிட்டால் அது எல்லார் வீட்டுக் குடமும் போல ஆகிவிடுமாம். குடம் என்றால் எப்படி இருக்கும் என்று எல்லாப் பையன்களுக்கும் தெரியும், கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடுவார்கள், இந்தக் குடத்தை மட்டும் பார்க்காமல் போட முடியாது என்பது அவர் வாதம்.

அவருடைய வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். "மனசுல இருக்கறதப் போடாத, கண்ணு பாக்கறதப் போடு." வீட்டில் முகம் கழுவும்போதுகூட முணுமுணுப்பார். புதிதாக வருகிற பையன்கள் குடத்தின் வாயை முழு வட்டமாகப் போடுவார்கள். வாய் வட்டம்தானுங்களே சார் என்பார்கள். நீ குந்தியிருக்கற எடத்துல இருந்து அது வட்டமாவா தெரியுது என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே ஒரு மாதம் ஓடிவிடும்.

சென்றாயன் என்று ஒரு பையன். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். முதல் தடவை அவன் போட்ட குடம் கோயில் கும்பம் மாதிரி அத்தனை அழகாக இருந்ததாம். இவர் அதற்குப் பூஜ்யம் போட்டார். ஒடுக்கு எங்கடா என்று கேட்டிருக்கிறார். பையன் எழுந்து நின்று, "மாஸ்டரூட்டுக் கொடத்தப் போயி ஒடுக்கு வுழுந்ததாப் போடலாங்களா சார்? மரியாதையா இருக்குங்களா?" என்றானாம். இதைச் சொல்லிவிட்டு இவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. பூஜ்யத்தை மட்டும் மாற்றவில்லை.

மார்க் போடுகிற விதமும் இவருக்கு மட்டும்தான் அப்படி. மற்ற வாத்தியார்கள் காகிதக்கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சாய்ந்துகொண்டு மார்க் போடுவார்கள். இவர் குடத்தை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு பையன் குந்தியிருந்த பலகையிலும் தானே போய்க் குந்துவார். குட்டைப் பையன் இடத்தில் கழுத்தைக் குறுக்கிக்கொள்வார், நெட்டைப் பையன் இடத்தில் நிமிர்ந்துகொள்வார். ஒரு கண்ணை மூடிக் குடத்தைப் பார்ப்பார், அப்புறம் அவன் படத்தைப் பார்ப்பார். இடது ஓரம் இருக்கிறவனுக்கு ஒடுக்கு நடுவயிற்றில் தெரியும், வலது ஓரத்தில் இருக்கிறவனுக்கு விளிம்பில் ஒரு கோணலாக மட்டும் தெரியும். அது சரியாக இருந்தால் பாஸ். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு வந்து சேருவார். நான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொண்டே திட்டுவேன்.

"ஏனுங்க, மேசையில குந்திக்கிட்டு மார்க்குப் போட்டா கை வராதா?"

"அவன் பாத்தத நானும் பாக்காம எப்படி மார்க்குப் போடறது நஞ்சம்மா?"

இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதில் எனக்கு எத்தனையோ எரிச்சல் உண்டு. ஆனால் அந்த முழங்கால்களைத் தேய்த்துவிடும்போது மட்டும் எனக்குப் பெருமையாக இருக்கும். அதை அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் குந்திவிட்டு வருவார்.

இனித் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். கதையே அதில்தான் இருக்கிறது.

வெறுங்குடத்தை நான் வாசல் தாண்டி அனுப்பமாட்டேன். யாராவது பெண் பார்க்கவோ நிலம் கிரயம் பண்ணவோ எதிரே வந்துகொண்டிருப்பார்கள். வெறுங்குடம் எதிரே வந்தால் அவர்கள் திரும்ப வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். அந்தப் பாவம் நமக்கு எதற்கு? அதனால் செவ்வாய்க்கிழமை குடம் கழுத்து வரைக்கும் தண்ணீரோடுதான் போகும்.

"ஏம்மா, படம் போடறதுக்குத் தண்ணி எதுக்குங்க? கழுத்து நோவுதுங்க" என்று பொன்னன் வாராவாரம் கேட்பான்.

"வெறுங்கொடத்தத் தூக்கிக்கிட்டு எந்தத் தெரு வழியாடா போவ? ஊரே என்னையத்தான் பேசும். பேசாம நட."

வகுப்பு முடிந்ததும் அந்தத் தண்ணீரைப் பள்ளிக்கூடத்துப் புங்கங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, குடத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வருவான். மூடினால் வெறுங்குடம் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் இருப்பதில் இவருக்கும் சந்தோஷம்தான். குடத்தின் வாய்க்குள்ளே தண்ணீர் இன்னொரு வளையமாகத் தெரியும், அதில் ஜன்னல் வெளிச்சம் விழும், பையன்கள் அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும் என்பார். ஆக, இவரிடம் படித்த நாலாவது பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அந்தக் குடத்தை ஒரு நாளும் வெறுமையாகப் பார்த்தது கிடையாது.

ஒரு வருஷம் ஜில்லா போர்டிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சண்டைக்காலத்தில் சித்திர வகுப்பு எல்லா ஊருக்கும் வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பையன்களைச் சோதிப்பார், தேறினால் வகுப்பும் வாத்தியாரும் இருக்கலாம், தேறாவிட்டால் இரண்டும் கிடையாது. உத்தரவைத் தலைமை வாத்தியார் படித்துக் காட்டிய அன்று இவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். இவருக்கு வேறு வேலை தெரியாது. கடையில் உட்காரவைத்தால் தராசை வரைந்துகொண்டிருப்பார். பாலக்கோட்டில் என் தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறை காலியாக இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று நான் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, தங்கம் மாதிரி ஆக்கி, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி அனுப்பினேன். அப்புறம் நடந்ததை இவர் சொன்னது பாதி, பொன்னன் சொன்னது பாதி, சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் மெட்ராஸ்காரர். கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கே மொரப்பூரில் ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று படுக்கைச்சுருளும் தோல்பெட்டியுமாக நேரே வகுப்புக்கு வந்துவிட்டார். எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலைச் சண்டைக்காக நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரிப் புகையில் ஓடுகிற கரி பஸ்தான் இருந்தது. அது எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது. அதனால் அவருக்கு அவசரம்.

ஆளுக்கு ஒரே ஒரு தாள் கொடுத்தார். நல்ல சித்திரத் தாள், அவரே மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தது. பையன்கள் அதுவரை சிலேட்டில் போட்டுப் பழகியவர்கள், தாளைத் தொடவே பயந்தார்கள். அழிப்பதற்கு ரப்பர் கிடையாது. மலேயா போனதோடு ரப்பரும் போய்விட்டது. போட்ட கோடு போட்டதுதான்.

பொன்னன் குடத்தைக் குட்டை மேசைமேல் வைக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தளும்பி மேசையில் சிந்தியது. இன்ஸ்பெக்டர் பதறிக் காகிதக்கட்டைத் தூக்கிக்கொண்டார்.

"குடத்துல எதுக்கப்பா தண்ணி? தாள் நனைஞ்சா வேற தாள் கிடையாது. கொட்டிட்டு வா."

பொன்னன் என் முகத்தை நினைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றிருக்கிறான். அப்புறம் வெளியே போய்ப் புங்கங்கன்றில் ஊற்றிவிட்டு வெறுங்குடத்தைக் கொண்டுவந்து வைத்தான். ஒடுக்கு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று இன்ஸ்பெக்டரே திருப்பி வைத்தார். மேசைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் படுக்கைச்சுருள், பெட்டி, அதன் மேல் குடை. "நான் ரயிலுக்குப் போகணும். சீக்கிரம் ஆரம்பிங்க" என்றார்.

பையன்கள் பார்த்தார்கள். வெறுங்குடம். அதற்கு நேர் பின்னால் ஊருக்குக் கிளம்புகிற மனுஷர், மூட்டை முடிச்சோடு.

நேரம் முடிந்ததும் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். முதல் தாளில் குடத்துக்குள் தண்ணீர். இரண்டாவதிலும் தண்ணீர். எல்லாக் குடத்திலும் கழுத்து வரைக்கும் தண்ணீர் நின்றது, ஜன்னல் வெளிச்சம்கூட மறக்காமல் போட்டிருந்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது.

"மாஸ்டர், என்ன இது? இத்தனை நாளா ஒரே குடத்தை உருப்போட வச்சிருக்கீங்களா? எதிர்ல இருக்கறதை ஒருத்தன்கூடப் பார்க்கலையே."

இவர் தாள்களை எட்டிப் பார்த்தார். தன் சட்டத்தைத் தன் பையன்களே மீறியிருக்கிறார்கள், அதுவும் இந்த நாளில். கடைசியில் ஒரு தாள் மட்டும் வேறாக இருந்தது. வத்தல்மலை அடிவாரத்திலிருந்து நடந்து வருகிற தீர்த்தகிரியின் தாள். கேழ்வரகு விளைவிக்கிற குடும்பத்துப் பையன், வாயே திறக்கமாட்டான். அவன் குடத்துக்குள் தண்ணீர் இல்லை. உள்ளே இருந்த இருட்டைப் பென்சிலால் அழகாகத் தேய்த்திருந்தான்.

"இவன் ஒருத்தன் பார்த்திருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போது இவர் முன்னால் வந்து நின்றிருக்கிறார். "சார், மார்க்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தரம் அவங்க எடத்துல குந்திப் பாருங்க. நான் அப்படித்தான் போடறதுங்க."

இன்ஸ்பெக்டர் தன் வேட்டியைப் பார்த்தார், தரையிலிருந்த பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, போய் உட்கார்ந்தார். முதலில் சென்றாயன் இடத்தில். அவன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினார். ஒடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அடுத்த பலகைக்கு நகர்ந்தார், அங்கேயும் சரியாக இருந்தது. காலையில் அவரே திருப்பி வைத்த பக்கம் அது, உருப்போட்டு வரைந்தால் அந்த இடத்தில் வந்திருக்காது. வரிசை முழுக்க ஒவ்வோர் இடமாக நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாராம். பொன்னன் இதைச் சொல்லும்போது தானும் தரையில் நகர்ந்து காட்டினான்.

"எல்லாத்தையும் பார்த்துப் போட்டிருக்கீங்க. அப்ப தண்ணி மட்டும் எங்கேருந்து வந்தது?" என்று சென்றாயனைக் கேட்டார்.

சென்றாயன் எழுந்து நின்றான். "சார், நீங்க ஊருக்குக் கெளம்பறீங்க. உங்களுக்கு எதிர்ல வெறுங்கொடம் வெச்சிருக்குதுங்க. எடுங்கன்னு நாங்க சொல்ல முடியுங்களா? அதான் படத்துலயாச்சும் ரொப்பிட்டோம்."

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவனும் தனித்தனியாக நினைத்துச் செய்த மரியாதை அது.

இன்ஸ்பெக்டர் அந்தப் பலகையில் இருந்தபடியே குடத்தையும் அதற்குப் பின்னால் இருந்த தன் பெட்டியையும் காலியாக இருந்த தன் நாற்காலியையும் பார்த்தார். பிறகு எழுந்து தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு, "சகுனம் வேற, பரீட்சை வேற. நான் கேட்டது கண்ணுக்குத் தெரியறதைத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைமை வாத்தியார் அறைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் இவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சோறு வேண்டாம் என்றார். பொன்னன் துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்த குடம் நடுவீட்டில் இருந்தது.

"உன் தண்ணிதான் என் வேலையக் கொண்டுபோச்சு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் தண்ணி என்னங்க பண்ணுச்சு? பசங்க மனுசனுக்கு மரியாதை பண்ணியிருக்குதுங்க. நல்லது கெட்டது தெரிஞ்ச வூட்டுப் புள்ளைங்க. அதுக்கு மார்க்கு இல்லையின்னா அந்தப் பரீட்சையில ஏதோ கோளாறு."

"நான் சொல்லிக் குடுத்தது அதில்லையே. கண்ணு பாக்கறதப் போடுன்னுதானே கத்துனேன்?"

"வெறுங்கொடத்த அனுப்பியிருந்தா மொத நாளே ஊரு சிரிச்சிருக்கும். நான் பண்ணது தப்பில்லை. இன்னொரு தரமும் ரொப்பித்தான் அனுப்புவேன்."

"இன்னொரு தரம் ஏது?" என்றார். அந்த வார்த்தையில் என் கோபம் இறங்கிவிட்டது. அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் கொல்லைப்பக்கம் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தீர்த்தகிரி கிணற்றடியில் நிற்கிறான். வகுப்பில் ஒரே ஒரு சரியான படம் போட்ட பையன், கண்ணும் மூக்கும் சிவந்து நிற்கிறான்.

"என்னடா ஆச்சு?"

"அம்மா, கொடத்தக் குடுங்கம்மா. எல்லாரும் என்னைய வையறாங்க. நான் ஒருத்தந்தான் அவருக்கு வெறுங்கொடம் போட்டனாம். போற வழியில அவருக்கு ஏதாச்சும் ஆனா என்னாலதானாம்."

"மாஸ்டர் சொன்னதத்தானேடா நீ போட்ட?"

"ஆமாங்க. தண்ணி போடலாம்னு கை போச்சுங்க. ஆனா உள்ள தண்ணி இல்லீங்களே. இல்லாததப் போட்டா மாஸ்டரு மொகத்துல எப்படி முழிக்கறதுன்னு வுட்டுட்டேன். இப்ப அவரு போற வழிக்கு எதிர்ல நெறகொடத்தோட நின்னுட்டா சரியாப் போயிருங்களாம்மா?"

ஒரு பக்கம் வகுப்பே தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறது, இன்னொரு பக்கம் இந்தப் பிள்ளை வாத்தியாருக்காக ஊற்றாமல் விட்டுவிட்டு அழுகிறது. இரண்டும் இவர் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள்தான். அந்த நிமிஷம் எனக்கு இரண்டு தரப்பையும் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"நீ நின்னா பத்தாதுடா. சுமங்கலி வரணும். தண்ணியச் சேந்து" என்றேன்.

அவன் சேந்தி ஊற்ற ஊற்றக் குடம் கழுத்துக்கு மேலேயே நிறைந்தது. இடுப்பில் வைத்தேன். கொல்லைக் கதவு வழியாக இறங்கி, சந்தைத் திடலைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். பின்னாலிருந்து போனால் பலன் இல்லை, எதிரே வரவேண்டும். தண்ணீர் தளும்பிப் புடவை நனைந்தது. உள்ளே எனக்குக் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. என் வீட்டுக்காரர் வேலையைப் பிடுங்கப்போகிற மனுஷருக்கு நான் நல்ல சகுனமாகப் போகிறேன் என்று நினைக்கச் சிரிப்பும் வந்தது.

கரி பஸ் அப்போதுதான் புகைந்து புகைந்து சூடேறிக் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் எதிரே நிறைகுடத்தைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக வேகத்தைக் குறைத்தான். பஸ்காரர்களுக்கும் சகுனம் வேண்டும்தானே. முன் ஸீட்டில் கண்ணாடி போட்டவர் உட்கார்ந்திருந்தார். குடத்தைப் பார்த்தார், ஒடுக்கைப் பார்த்தார், பின்னால் நின்ற பையனைப் பார்த்தார். "நிறுத்தப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

"இது அந்தக் குடந்தானே? நீங்க..."

"டிராயிங் மாஸ்டரூட்டுதுங்க" என்றேன். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், ஆனால் நகரவில்லை.

"நீதானேப்பா காலியாப் போட்டவன்?"

"நாந்தானுங்க. அப்ப காலியா இருந்துச்சுங்க. இப்ப ரொம்பியிருக்குதுங்க. நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க சார்." பையன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, குடத்தைக் கொஞ்சம் கீழே வையுங்க" என்றார். புழுதியில் வைத்தேன். அவர் பஸ்ஸுக்குள் கையை விட்டுப் பையிலிருந்து தாள்கட்டை எடுத்து, தீர்த்தகிரியின் தாளை உருவினார். தோல்பெட்டியையும் இறக்கி, அதன் மேல் தாளை வைத்துக்கொண்டு, நடுத்தெருவில், எங்கள் குடத்துக்கு எதிரே குந்தினார். கழுத்தைக் குறுக்கி அந்தப் பையன் உயரத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அவன் தேய்த்து வைத்த இருட்டுக்கு மேலே, குடத்தின் வாய்க்குள், பென்சிலால் ஒரு வளையம் போட்டார். தண்ணீர் வந்துவிட்டது.

"எதிர்ல இருக்கறதைத்தான் போட்டேன். மாஸ்டர் கேட்டா சொல்லு" என்றார் பையனிடம். தீர்த்தகிரியின் வாய் கோணிக்கொண்டது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்காதே.

"மத்த பசங்க மார்க்கு என்னங்க ஆச்சு?"

"ஒடுக்குக்கு முழு மார்க்கு போட்டிருக்கேன். அவனவன் இடத்துல உக்காந்து பார்த்தேன், தப்பே இல்ல. தண்ணிக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கேன்."

"தண்ணி உங்களுக்காக வெச்சதுங்க."

"தெரியும்மா. இருபது வருஷமா ஊர் ஊராப் போறேன். நான் நல்லபடியாப் போய்ச் சேரணும்னு எந்த வகுப்பும் நினைச்சதில்ல." பஸ்ஸில் ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அடுத்த செவ்வாய்க்கிழமையும் மாஸ்டர் குடம் கேப்பார். குடுத்து அனுப்புங்க."

எனக்கு விளங்க ஒரு நொடி ஆனது. விளங்கியதும் கண் நிறைந்துவிட்டது. அப்போதும் சும்மா இருக்கவில்லை.

"தண்ணியோடதான் வருங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். குடத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகவில்லை என்று சொன்னதற்குக்கூட முகம் மாறவில்லை. எல்லாம் கேட்டுவிட்டுக் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி:

"அவரு குந்திப் பாத்தாரா? ரோட்டுலயா?"

"குந்தித்தான் பாத்தாரு. கழுத்தக் குறுக்கிக்கிட்டு."

அப்போதுதான் அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டேன். வாசலில் தீர்த்தகிரியும் அவனைத் தேடிக்கொண்டு வந்த சென்றாயனும் உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு, இவருக்கு வைத்திருந்த சோற்றைப் போட்டேன். சென்றாயன் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தீர்த்தகிரி தட்டில் வைத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிணற்றடியில் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தண்ணீர் சேந்தி, குடத்தைக் கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னன் வந்து கனைத்ததும் இவரே தூக்கி அவன் தலையில் வைத்தார்.

"ஏனுங்க சார், இன்னைக்காச்சும் வெறுங்கொடமாக் குடுக்கக் கூடாதுங்களா? கழுத்து நோவுதுங்க" என்றான் பொன்னன்.

நாங்கள் இரண்டு பேரும் காது கேட்காத மாதிரி நின்றோம்.